பொன்விழா மலரில் இல்லாத இரண்டு பக்கங்கள்

எங்கள் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மலைக்கிளைக்குப் பொன்விழா மலரில் வரலாறு எழுத ஆள் வேண்டும் என்று பொறுப்பாசிரியர் கேட்டபோது, கேள்வி முடிவதற்குள் கை தூக்கியவள் நான். பயிற்சி மருத்துவராக அங்கே வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. கூட வந்த ஐந்து பேரும் குளிருக்குக் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டிருந்தார்கள். வெளியே எடுக்கச் சோம்பல். எனக்குக் குளிர் புதிதில்லை. அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலைக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். எதற்கும் முதல் ஆளாகக் கை தூக்குவது பள்ளிக்கூடத்திலேயே பிடித்துக்கொண்ட வியாதி. “உனக்குக் கேள்வி என்னன்னு தெரிய வேண்டாம், கையத் தூக்கோணும், அவ்வளவுதான்” என்று அப்பா கேலி செய்வார்.

இதை எழுத எனக்கு இரண்டு வருடம் ஆகியிருக்கிறது. ஒருவர் உயிரோடு இருக்கும்வரை எழுதக் கூடாது என்று இருந்தேன். குன்னூரில் இருந்த ஒரு டாக்டரின் மனைவி அவர். போன மழைக்காலத்தில் காலமாகிவிட்டார்.

மலைக்கிளை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கல்லூரி கீழே, சமவெளியில் இருக்கிறது. ஊட்டிக்கு அப்பால், எமரால்டு போகும் சாலையில் இருந்து ஒரு மண் பாதை பிரிந்து ஏறும் இடத்தில், வெள்ளைக்காரர் காலத்துக் குதிரை லாயம் ஒன்றை வாங்கி, அதில் ஒரு மாட்டு மருத்துவமனையும் சின்னப் பண்ணையும் வைத்ததுதான் கிளை. வெளிநாட்டுக் கலப்பு மாடுகளுக்குக் குளிர் தாங்கும் என்பதற்காகத் தொடங்கினார்கள். மாடுகளுக்குத் தாங்கியது. கீழே இருந்து வந்த மாணவர்களுக்குத்தான் தாங்கவில்லை. முதல் அணிக்கு அந்தக் காலத்து முதல்வர் ஒரு உத்தரவு போட்டிருக்கிறார்: ஸ்வெட்டர் போடலாம், ஆனால் வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே. அதனால் எல்லாரும் இரண்டு அளவு பெரிய கோட்டாகத் தைத்துக்கொண்டு வந்தார்கள். பழைய புகைப்படங்களில் எங்கள் முன்னோர் எல்லாரும் நன்றாகச் சாப்பிட்டவர்களைப் போலத் தெரிவதன் ரகசியம் அதுதான். இதையெல்லாம் கண்டுபிடித்து எழுதும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. சினை மாட்டுக்கு வயிற்றைக் கிழித்துக் கன்று எடுக்கும் அறுவையின்போது, மாட்டை மரச்சட்டத்துக்குள் நிற்க வைத்து, இடப்பக்க விலாவைத் திறப்பார்கள். பயிற்சிக்கு வந்த மாணவர்கள் எல்லாரும் தலைப்பக்கம் நிற்க வேண்டும். மூச்சை எண்ணு, காதைத் தொட்டுச் சூடு பார், மூக்கணாங்கயிற்றைப் பிடி. கழுத்துக்கும் விலாவுக்கும் நடுவே ஒரு தார்ப்பாய் தொங்கும். அதற்கு அந்தப்பக்கம் நடப்பது எதுவும் நமக்குத் தெரியாது. கீழே கல்லூரியில் தோளோடு தோள் முட்டி எட்டிப் பார்த்துத்தான் படித்தோம். இங்கே மட்டும் ஏன் இப்படி என்று கேட்டேன். இங்கே இதுதான் வழக்கம் என்றார் பொறுப்பாசிரியர். அவர் பயிற்சிக்கு வந்தபோதும் தலைப்பக்கம்தான் நின்றாராம்.

அந்தப் பதில் எனக்குப் போதவில்லை.

லாயத்தின் மேல்தளத்தில் பழைய அறுவைப் பதிவேடுகள் சாக்கில் கட்டிக் கிடந்தன. ஒவ்வொன்றாகத் தூசி தட்டிப் பார்த்தேன். மாட்டுக்காரர் ஊர், மாட்டின் நிறம், என்ன கோளாறு, செய்தவர் கையெழுத்து, முடிவு. நீண்ட காலம் கிளையை நடத்திய ஒரு டாக்டரின் கையெழுத்துத்தான் பெரும்பாலான பக்கங்களில். அவரைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள். மலைக்கிளை என்றாலே அவர்தான். தொடக்கத்தில் அவர் கையெழுத்து ஒரே இழுப்பில் பறக்கும். அவர் ஓய்வு பெறுவதற்கு ஆறேழு வருடம் முன்பிருந்து அது கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிறது. பிறகு கோடுகளில் அலை விழுகிறது. கடைசிப் பதிவேட்டில் அது கையெழுத்தே இல்லை. ஓடுகிற பேருந்தில் வைத்து எழுதியதைப் போல ஒரு கிறுக்கல்.

பக்கத்துக் கட்டத்தைப் பார்த்தேன். முடிவு: தாயும் கன்றும் நலம். அடுத்தது: நலம். கை நடுக்கம் கூடக் கூட, பிழைத்த மாடுகள் குறையவே இல்லை. இப்படி நடுங்கும் கை ஒரு கர்ப்பப்பையைத் தைத்திருக்கவே முடியாது. தார்ப்பாய்க்கு அந்தப்பக்கம் வேறு ஒரு கை இருந்திருக்கிறது.

அந்த நிமிடம் எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். பதிவேட்டை மூடிவிட்டு மரப்படியில் தடதடவென்று இறங்கி, கொட்டிலில் சாணி அள்ளிக்கொண்டிருந்த தோழியைப் பிடித்துக் குலுக்கினேன். அவள், “மொதல்ல அந்தக் கூடைய எடு, அப்பறம் துப்பறியலாம்” என்றாள்.

டாக்டர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அவர் மனைவி குன்னூரில் தனியாக இருந்தார். மலருக்குப் படங்கள் வேண்டும் என்று போனேன். நல்ல அம்மா. ஒவ்வொரு படமாக முந்தானையால் துடைத்துக் கொடுத்தார். கணவர் தினமும் வந்து, அன்றைக்குச் செய்த அறுவையை அடி அடியாகச் சொல்வாராம். “கேட்டுக் கேட்டு எனக்கே ஆபரேசன் பண்ற அளவுக்கு ஆயிருச்சு கண்ணு” என்று சிரித்தார். பிறகு, நான் கேட்காமலேயே, கணவரின் கையைப் பற்றிச் சொன்னார். மாட்டு வயிற்றுக்குள் மணிக்கணக்காகக் கையை விட்டு விட்டுக் கடைசிக் காலத்தில் நரம்பு தளர்ந்துபோய் நடுங்க ஆரம்பித்ததாம். அதனால் அவர் வீட்டுக்கு வந்ததும் வாயகன்ற ஒரு வட்டையில் வெந்நீர் வைத்து, உப்புப் போட்டு, அந்தக் கையை அதற்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டு இந்த அம்மா உட்கார்ந்திருப்பாராம். வருடக்கணக்காக. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்தது துக்கம் இல்லை, பெருமை. பட்டாளத்துக்காரர் வீட்டில் தழும்பைப் பற்றிப் பேசுவார்களே, அதைப்போல.

நான் என்ன செய்தேன்? குறிப்பு நோட்டில் ‘நடுக்கம், மனைவி உறுதி செய்கிறார்’ என்று எழுதிக்கொண்டேன்.

அந்த டாக்டரோடு கடைசிவரை வேலை பார்த்த அட்டெண்டர் ஓய்வுக்குப் பிறகு மகள் வீட்டில் இருக்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மகள் சேரங்கோடு பக்கம் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊட்டி போய், கூடலூர் பேருந்து பிடித்து, அங்கிருந்து இன்னொன்று மாறிப் போய் இறங்கினேன். வழி கேட்ட கடைக்காரர் மலையாளம் கலந்து, ஆனை வந்து போன தடம் இருக்கிறது, மேலே பார்க்காமல் கீழே பார்த்து நட என்றார்.

பெரியவர் சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்தில் இருந்து குடும்பத்தோடு கப்பலேறி வந்தவர். லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டின் வாசலில் ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். மெலிந்த ஆள். விரல்கள் மட்டும் நீளம். மகள் உள்ளே இருந்தார். நான் வந்த விஷயத்தைச் சொல்லி, போனில் பதிவேட்டின் படங்களைக் காட்டினேன். கடைசிப் பக்கத்தை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த ஒரு எழுத்தப் போட ஐயாவுக்கு எம்புட்டு நேரம் ஆவும் தெரியுமா” என்றார்.

அவ்வளவுதான், எனக்குப் பொறி தட்டிவிட்டது. விடவில்லை. அப்படியென்றால் தைத்தது யார், தார்ப்பாய் எதற்கு, மாணவர்கள் ஏன் தலைப்பக்கம் என்று ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டேன். அவர் மகளைக் கூப்பிட்டு, குழாயடியில் தண்ணீர் வந்துவிட்டது, போய்ப் பிடித்துவா என்று அனுப்பினார். பிறகு என் கையைப் பார்த்து, “அந்த ஃபோன அமத்துங்க புள்ள” என்றார். ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அணைத்துப் பைக்குள் போட்டேன்.

அவர் சொன்னதை நான் இங்கே சுருக்கித்தான் சொல்லப்போகிறேன். டாக்டருக்கு நடுக்கம் தொடங்கியபோது அதை எழுதிக் கொடுத்திருந்தால், கீழே கூப்பிட்டு ஒரு மேசையில் உட்கார வைத்திருப்பார்கள். மலைக்கு வர வேறு அறுவை மருத்துவர் யாரும் தயாராக இல்லை. கிளையை மூடும் பேச்சு ஏற்கெனவே இருந்தது. சுற்றுவட்டாரத்தில் கேரட்டும் உருளைக்கிழங்கும் போட்டுப் பிழைக்கிறவர்களின் மாடு கன்று போட முடியாமல் மாட்டிக்கொண்டால், அப்புறம் இறைச்சிக்காரரைத்தான் கூப்பிட வேண்டும். ஆகவே டாக்டர் தன் அட்டெண்டரை ஒருநாள் தனியாகக் கூப்பிட்டிருக்கிறார்.

“மொத மாட்டுல அவரு கை என் கை மேல இருந்திச்சு. அடுத்த மாட்டுல முழங்கை மேல. மூணாவதுல அவரு கையக் கட்டிக்கிட்டாரு. வாய் மட்டும் வேல செஞ்சிச்சு” என்றார் பெரியவர். “நான் அறுத்த மாட்ட எல்லாம் அவருதான் அறுத்தாரு. அத வேற மாதிரி சொல்லத் தெரியல எனக்கு.”

மகள் குடத்தோடு திரும்பி வருவது தெரிந்ததும் குரலைத் தாழ்த்தினார். இது இந்த லயத்தைத் தாண்டக் கூடாது, டாக்டர் வீட்டம்மாவுக்குத் தெரியாது, தன் மகளுக்கும் சொன்னதில்லை, டாக்டரிடம் சத்தியம் செய்து கொடுத்தது என்றார். சரிங்க ஐயா என்றேன். அப்படிச் சொன்னபோது பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. அதைத்தான் இன்றும் யோசித்துப் பார்க்கிறேன். ‘சரிங்க’ என்பது வாயில் இருந்து வந்தது. அதே நேரம் தலைக்குள் முதல் வரி ஓடிக்கொண்டிருந்தது.

நடுவட்டம் கொண்டையூசி வளைவுகளில் பேருந்து ஏறும்போது கட்டுரை முக்கால்வாசி முடிந்துவிட்டது. கூடவே நியாயங்களும். இவ்வளவு பெரிய வேலை செய்தவர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஐம்பது வருட வரலாறு எழுதுகிறோம், அதில் அட்டெண்டர்களுக்கு ஒரு வரி கிடையாது. நான் எழுதாவிட்டால் யார் எழுதுவார்கள்? அவர் கூச்சப்படுகிறார், அவ்வளவுதான். மேடையில் பொன்னாடை போர்த்தும்போது சந்தோஷப்படுவார். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு நியாயம் கிடைத்தது. ஊட்டி வந்து சேரும்போது நான் ஒரு அநீதியைத் தட்டிக் கேட்கிறவளாக ஆகியிருந்தேன்.

கட்டுரையைப் பொறுப்பாசிரியரிடம் கொடுத்தேன். அவர் நல்ல மனிதர். விழா வேலையில் மூச்சு விட நேரமில்லை. நின்றபடியே படித்தார். பெரியவரின் பகுதி வந்ததும் உட்கார்ந்துவிட்டார். தலைப்பக்கம் நின்ற தன் நாட்கள் அவருக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

“இதப் போடறதுக்கு அந்தப் பெரியவர் ஒத்துக்கிட்டாராம்மா?”

“ஒத்துக்கிட்டாரு சார்.”

“டாக்டர் ஊட்டம்மா?”

“அவங்களும் கை நடுங்குனதப் பத்தி அவங்களே சொன்னாங்க சார்.”

இரண்டாவது பதிலில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை என்பதை அப்போது கெட்டிக்காரத்தனமாக நினைத்தேன்.

விழா அன்று காலையில் நல்ல வெயில். லாயத்தைக் கழுவி, மாடுகளைப் பின்பக்கம் மாற்றி, நாற்காலி போட்டிருந்தார்கள். என்ன கழுவியும் சாணி வாசம் போகவில்லை. எங்கள் யாருக்கும் அது வாசமாகவே தெரியவில்லை. டாக்டரின் மனைவி சாம்பல் நிற சால்வை போர்த்திக்கொண்டு வந்தார், முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். பெரியவரும் மகளும் விடிவதற்கு முன்பே கிளம்பி வந்திருந்தார்கள். அவருக்குப் பொன்னாடை போர்த்துவார்கள் என்று மட்டும்தான் நான் சொல்லியிருந்தேன். யாரிடமோ வாங்கிய கறுப்புக் கோட்டில் மூன்றாவது வரிசையில் இருந்தார். கோட்டின் கை குட்டையாக இருந்தது.

மலரை வெளியிட்டதும், அதை எழுதிய மாணவி சில நிமிடம் வாசிப்பார் என்று அறிவித்தார்கள். எதை வாசிப்பது என்று யாரும் சொல்லவில்லை. குதிரை லாயத்தை வாசித்திருக்கலாம். ஸ்வெட்டர் உத்தரவை வாசித்திருந்தால் எல்லாரும் சிரித்திருப்பார்கள். நான் அந்த இரண்டு பக்கங்களைத் தேர்ந்தெடுத்தேன்.

நன்றாகத்தான் வாசித்தேன். பள்ளிப் பேச்சுப்போட்டிகளில் வாங்கிய பயிற்சி. கையெழுத்து எப்படி அலையாக மாறியது என்று சொன்னபோது அரங்கில் சலசலப்பு அடங்கியது. தார்ப்பாயைப் பற்றிச் சொன்னபோது பழைய மாணவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அறுத்ததும் தைத்ததும் இந்தக் கை என்று பெரியவர் இருக்கும் பக்கம் கை காட்டினேன். அப்போது அவரைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த மகளைத்தான் பார்த்தேன். அந்த அக்காவின் முகம் அப்படியே மலர்ந்தது. அப்பாவைத் திரும்பிப் பார்த்தார், கோட்டின் குட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். அதைக் கண்டு எனக்கு இன்னும் வேகம் வந்துவிட்டது. வெந்நீர் வட்டையைப் பற்றிய வரிக்கு வந்தேன். வீட்டில் அவர் மனைவி தினமும் உப்பு நீரில் அமுக்கிப் பிடித்த அந்தக் கை, அப்போது பல வருடங்களாக எந்த மாட்டையும் தொட்டிருக்கவில்லை. இப்படி எழுதியிருந்தேன். எழுதியபோது அதுதான் கட்டுரையிலேயே நல்ல வரி என்று நினைத்தேன்.

வாசித்து முடித்து நிமிர்ந்தபோது ஒருவரும் கை தட்டவில்லை.

முதல் வரிசையில் அந்த அம்மா மடியில் இருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லப் பெரியவர் பக்கம் திரும்பினார். சத்தமாகப் பேசவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

“ஏனுங்க, இந்தப் புள்ள சொல்றது நெசமுங்களா?”

பெரியவர் எழுந்தார். மகளின் கையை மெதுவாக விலக்கிவிட்டு எழுந்தார்.

“இல்லீங்கம்மா” என்றார். “இந்தப் புள்ள மேல தப்பு இல்ல. தேடி வந்து கேட்டிச்சு. வயசான காலத்துல ஒரு பெருமைக்கு நான்தான் அளந்துவிட்டேன். ஐயா கைதாம்மா எல்லாம் செஞ்சிச்சு. கடசி மாடு வரைக்கும். நான் கத்தித் தட்டுப் புடிச்சவன்.”

சொல்லிவிட்டு, அந்த அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார்.

பின்வரிசையில் யாரோ, பெரியவரே எனக்கும் முதுகுவலி, ஒரு ஆபரேஷன் போட்டு விடுங்க என்றார். ஒருவர் சிரிக்க, நாலு பேர் சிரிக்க, அரங்கு முழுக்கச் சிரிப்பு. இறுக்கம் போன நிம்மதியில் வந்த சிரிப்பு அது, யாரையும் குத்துவதற்காக இல்லை. ஆனாலும் சிரிப்புத்தானே. அந்த அக்கா தலையைக் குனிந்துகொண்டார். ஒரு நிமிடத்துக்கு முன்னால் தன் அப்பா யாரென்று தெரிந்துகொண்டவர், அடுத்த நிமிடம் அவர் வாயாலேயே அதெல்லாம் பொய் என்று கேட்டார். நான் மேடையில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பொறுப்பாசிரியர் என்னைத்தான் பார்த்தார். என்னம்மா இது என்று கேட்கிற பார்வை. எனக்கு அப்போது இரண்டே வழி. அவர் சொல்வது பொய், என்னிடம் சொன்னதுதான் உண்மை என்று ஒலிபெருக்கியில் சொல்லலாம். அப்படிச் சொன்னால் அவர் யாரிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டதும், ஒத்துக்கொண்டார் என்று நான் புளுகியதும் சேர்ந்து வெளியே வரும். அல்லது பேசாமல் இருக்கலாம். பேசாமல் இருந்தால் நான் ஏமாந்துபோன சின்னப்பெண், அவ்வளவுதான். தாளை மடித்துக்கொண்டு போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். அந்த அம்மாவின் முகம் அந்தக் கணத்தில் எனக்கு நினைவிலேயே இல்லை. பொறுப்பாசிரியர் கையெழுத்துப் போட வேண்டிய என் பயிற்சிச் சான்றிதழ்தான் நினைவில் இருந்தது.

பொறுப்பாசிரியர் ஒலிபெருக்கியை வாங்கி, வயதானால் நினைவு அப்படித்தான் முன்னே பின்னே போகும், நம் டாக்டரின் கையை அறியாதவர் யார் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தார். பொன்னாடை போர்த்தும்போது பெரியவருக்கும் ஒன்று போர்த்தினார்கள். அதற்கும் கொஞ்சம் சிரித்தார்கள். கிளம்பும்போது டாக்டரின் மனைவி என் அருகில் நின்றார். கன்னத்தைத் தொட்டு, “சின்னப்புள்ள நீயி. நல்லா விசாரிச்சு எழுதோணும் கண்ணு” என்றார். சரிங்கம்மா என்றேன்.

அன்று பிற்பகல் அந்தத் தாளை எல்லாப் பிரதிகளில் இருந்தும் எடுத்துவிடச் சொன்னார் பொறுப்பாசிரியர். திட்டவில்லை. பிளேடு எடுத்துக்கோம்மா என்று மட்டும் சொன்னார். அறுவை அறையில் இருந்து கத்தியை எடுத்துவந்து, லாயத்தின் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்து, ஒவ்வொரு மலராகத் திறந்து, தையலுக்கு அருகில் கோடு போட்டு அறுத்தேன். அட்டெண்டர்கள் இரண்டு பேர் கட்டுக்கட்டாக எடுத்துவந்து கொடுத்தார்கள்.  அவர்களில் ஒருவர், நேரா அறுங்க மேடம், அடுத்த தாளும் வந்துரும் என்றார். இன்றைக்கும் அந்த மலரை எங்காவது பார்த்தால், நடுவில் விரலை வைத்துத் தடவினால், அந்த மெல்லிய விளிம்பு தட்டுப்படும். மற்றபடி வரலாறு தடங்கல் இல்லாமல் ஓடும்.

என் பயிற்சி முடிந்து சான்றிதழும் வாங்கிவிட்டேன். அதற்குப் பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்: சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான். மறுபடியும் சேரங்கோடு போனேன்.

லயத்துக்கு ஏறும் படியில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் வீட்டுக்கா, ஆபரேசன் நேரம் முடிந்துவிட்டதே என்றார் ஒருவர். விழாவில் நடந்ததை யாரோ சொல்லி, கதை தோட்டம் முழுக்கப் பரவியிருந்தது. பெரியவருக்கு அங்கே பெயரே ‘டொக்டர்’ என்று ஆகிவிட்டது. நான் காதில் விழாததைப்போல ஏறினேன்.

அக்கா கதவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் அடுக்களைக்குள் போய்விட்டார். உள்ளே பாத்திரங்கள் வேண்டிய சத்தத்தைவிட அதிகமாகச் சத்தம் போட்டன. பெரியவர் கட்டிலில் இருந்து எழுந்து உட்கார்ந்தார். இளைத்திருந்தார். நான் மன்னிப்புக் கேட்க வழியெல்லாம் வாக்கியம் தயார் செய்திருந்தேன். பாதியிலேயே கையை அசைத்து நிறுத்தினார்.

“அந்தம்மா நான் சொன்னத நம்பிச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாது புள்ள” என்றார். “நம்புறதுக்கு ஒரு வழி வேணும்ல. அத வெச்சேன்.”

உங்களை எல்லாரும் கேலி செய்கிறார்களே என்றேன். செய்யட்டும், அதற்கென்ன என்றார். ஐயா மட்டும் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார் என்றார்.  வெளியே கொழுந்து நிறுக்கும் இடத்தில் யாரோ யாரையோ கூப்பிடும் குரல் கேட்டது.

“ஒண்ணு மட்டும் சொல்றேன். நான் இல்லன்னு சொன்னப்ப, நீங்க எழும்பி நின்னு, இவர் பொய் சொல்றாரு, இவர்தான் அத்தன மாட்டையும் அறுத்தாருன்னு சொல்லியிருந்தா எல்லாம் போயிருக்கும். வாயத் தொறக்கல நீங்க. அந்தம்மா மொகத்தப் பாத்துத்தான் அடக்கிக்கிட்டீங்கன்னு எனக்குத் தெரியும். அதுக்கப்புறம் உங்க மேல எனக்குக் கோவம் இல்ல.”

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது.

இல்லை ஐயா, பயத்தில் உட்கார்ந்தேன் என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு நல்ல பிள்ளையைப் பார்க்கிறதைப்போல.

“ஆமாங்க ஐயா” என்றேன்.

புறப்படும்போது அக்கா குடையை எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். காலையில் மேல்தோட்டத்தில் ஆனை நின்றதாம், தனியாகப் போகக் கூடாதாம். படியில் இருந்தவர்கள் ஏதோ சொல்ல வாயெடுத்தார்கள். அக்கா அவர்களை ஒரு பார்வை பார்த்தார், அடங்கிவிட்டார்கள். தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் நான் முன்னால், அவர் பின்னால். அவர் நடையில் ஒரு நிமிர்வு வந்திருந்தது. அப்பா நெசமாவே அறுத்தாருங்களா என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அறுத்தார் என்றேன்.  பேருந்து நிற்கும் இடம் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். கொழுந்து பறித்துக் கறை ஏறிய, கரடுமுரடான விரல்கள்.

“அன்னிக்கு அப்பாவப் பாத்து எல்லாரும் சிரிக்கையில நீங்க பேசாம ஒக்காந்திருந்தீங்களே, உங்கள ரொம்பக் கெட்டவங்கன்னு நெனச்சிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க மேடம். மன்னிச்சுக்கங்க.”

பேருந்து வளைவில் ஹாரன் அடித்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

“பரவால்லீங்க அக்கா” என்றேன்.